உச்சிவேளைக் கிணறு

கீழப்பழுவூரைச் சுற்றி எந்தக் கிணற்றில் குடம் விழுந்தாலும், தோடு விழுந்தாலும், ஆளே விழுந்தாலும் அரியமுத்துவைத்தான் தேடி வருவார்கள். மூச்சைப் பிடித்தபடி நிதானமாக எண்பது எண்ணும் வரை அடியில் கிடப்பான். பிணத்தை எடுத்துப் போட்டதும் மற்றவர்கள் குளித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவன் மட்டும் கிணற்றடியில் நின்றுகொண்டு, "எப்ப எறங்குனான்? எந்தப் பக்கமா எறங்குனான்?" என்று துளைத்தெடுப்பான். "செத்தவன்கிட்டயே போயிக் கேளு" என்று ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள்.

1981 சித்திரை முதல் வாரத்தில் அமிர்தலிங்கத்தின் கிணற்றில் செல்லப்பன் செத்துப்போனான். கல்லங்குறிச்சி போகும் பாதையில், சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தை ஒட்டி இருந்தது அந்தக் கிணறு. தண்ணீருக்குள் இரண்டாள் ஆழத்தில் பக்கவாட்டில் ஒரு குகை. ஊற்று அங்கிருந்து வருவதால் இன்ஜின் குழாயின் நுனியை அதற்குள்ளேயே விட்டிருந்தார்கள். நுனியில் தண்ணீரை உறிஞ்சும் ஃபுட்வால்வில் சேறு அடைத்தால் யாராவது முங்கிப் போய் நோண்டிவிட வேண்டும். செல்லப்பன் அதற்குத்தான் இறங்கினான்.

மறுநாள் காலையில் அரியமுத்து இறங்கிப் பார்த்தபோது செல்லப்பன் ஃபுட்வால்வு அருகில் இல்லை. பத்தடி உள்ளே, குகையின் கடைசியில், இரண்டு கையும் மேலே பாறையைப் பிடித்தபடி இருந்தான். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆவணி மாதத்தில் பூமாலை என்பவனையும் இதே இடத்திலிருந்து இதே கோலத்தில்தான் அரியமுத்து எடுத்திருந்தான். இருவருமே நன்றாக நீச்சல் தெரிந்தவர்கள். வால்விலிருந்து குகை வாய்க்கு ஒரு கை தூரம். திரும்பினால் போதும். ஏன் உள்ளே போனார்கள்?

விசாரணைக்கு வந்த ஏட்டு லூர்துராஜ், தண்ணீரில் மூழ்கி மூச்சுத் திணறி மரணம் என்று எழுதி முடித்தார்.

"உள்ள ஏன் போனான்னு எழுதலீங்களே ஏட்டய்யா?"

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. தெரியாதத எப்படிய்யா எழுதுறது?"

முனி இழுத்துவிட்டது என்றார் அமிர்தலிங்கம். கிணற்றைத் தூர்த்துவிடப் போவதாகவும் சொன்னார். இழுக்கப்பட்டவன் கையை ஏன் மேலே நீட்ட வேண்டும் என்று அரியமுத்துவுக்குப் பிடிபடவில்லை. விசாரித்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் ஆலையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுகிற நேரத்தில் இறங்கியவர்கள். அவன் அந்தக் கிணற்றில் இறங்கிய இரண்டு முறையும் விடிகாலை.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் அவனும் அவன் மனைவி அம்சவள்ளியும் அங்கே போனார்கள். அவள் கல்லுடைக்கிறவள், பிடித்தால் விடாத கை.

"தெரிஞ்சு என்ன ஆவப்போவுது?" என்றாள், அவன் இடுப்பில் வடக்கயிற்றை முடிந்துகொண்டே.

"தெரியாமயே இருக்க முடியல புள்ள. அம்பது எண்ணு. வரலன்னா இழு."

இறங்கினான். செல்லப்பன் செய்ததைப் போலவே குகைக்குள் போய் வால்வைச் சுற்றியிருந்த சேற்றை வாரினான். பால் கலந்தாற்போலத் தண்ணீர் வெளுத்து, பிறகு இருண்டது. ஒரு முறை புரண்டான். எதிரே பச்சை வெளிச்சம் தெரிந்தது. அதை நோக்கி நீந்தினான். அப்போது கயிறு பின்னாலிருந்து இழுத்தது.

கிணற்றுக்குப் போகிறவனை இவள் குகைக்குள் இழுக்கிறாளே! கயிற்றைப் பிடித்து உதறினான். பாறையில் காலை ஊன்றி முரண்டினான். அவள் விடவில்லை. வெளிச்சம் தள்ளித் தள்ளிப் போக, சேற்று இருட்டுக்குள் பின்புறமாகவே இழுபட்டு, தலை பாறையில் இடித்து, தண்ணீருக்கு மேலே வந்து விழுந்தான்.

"பைத்தியமா ஒனக்கு? வெளிய வந்துக்கிட்டிருந்தேன், உள்ள இழுக்குற?" என்று கத்தினான்.

"கிணத்துலதான நிக்கிறீங்க?" என்றாள் அவள்.

அவன் சுற்றிலும் பார்த்தான். படிக்கட்டு, குழாய், மேலே வானம். பிறகு மெதுவாக, "அப்ப அந்த வெளிச்சம் எங்கேருந்து வந்துச்சு?" என்றான்.

தலையில் ரத்தம் வழிய ஓடிப் பக்கத்துக் கல்பள்ளத்தில் இறங்கினான். வேலிக்கருவைக்கு அடியில், பாறையில் நேர்க்குத்தாக ஒரு வெடிப்பு. அடியில், குகையின் கடைசிக்கு நேர் மேலே, தண்ணீர் மினுங்கியது. சூரியன் தலைக்கு நேராக வரும் சித்திரையிலும் ஆவணியிலும் மட்டும், அதுவும் உச்சிவேளையில் கொஞ்ச நேரம்தான் அதற்குள் வெயில் இறங்கும். வாய்ப்பக்கம் சேறு மறைத்துவிட, உள்ளே தெளிந்த தண்ணீரில் அந்த ஒரு வெளிச்சம்தான் கண்ணுக்குப் படும். மறுநாள் அதே நேரத்துக்கு அம்சவள்ளி வெடிப்பின்மேல் கோணிச்சாக்கைப் போட்டாள். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனையைக் குழாயில் கட்டிவிட்டுக் குகை வாயிலிருந்து பார்த்தான். இருட்டு. சொல்லிவைத்தபடி நாற்பது எண்ணி அவள் சாக்கை எடுத்தாள். பச்சை.

லூர்துராஜ் சைக்கிளில் வந்து வெடிப்பைப் பார்த்தார். தனித்தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அது வழக்குக் கட்டில் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. தூர்க்கும் யோசனையை அமிர்தலிங்கம் விட்டார். வெடிப்பைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைக்க ஆள் சொல்லிவிட்டார்.

அடைப்பதற்கு முன்னால் செல்லப்பனின் மனைவி குஞ்சம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அரியமுத்து போனான். முனியெல்லாம் இல்லை, வெடிப்பு வழியாக வந்த வெளிச்சத்தைப் பார்த்து, வெளியே வருவதாக நினைத்துத்தான் அவன் போயிருக்கிறான் என்றான். அவள் அழவில்லை.

"எவ்ளோ அகலம்ணே இருந்துச்சு?"

அவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

மறுநாள் ஆட்கள் கல்லோடு வந்தபோது குஞ்சம்மாள் பள்ளத்தில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கையைத் தோள்வரை வெடிப்புக்குள் விட்டிருந்தாள். "தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றாள், யாரையும் பார்க்காமல். அவளாக எழுந்திருக்கட்டும் என்று ஆட்கள் கல்லை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள்.