ஓரத்துப் பென்சில் எழுத்து

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், ஆரோக்கியம், செல்வி டீச்சர், சிதம்பரத்திலிருந்து வந்திருந்த சரோஜாம்மா, அவர் மகள் கௌரி. ஐந்து பேர். அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்த என் மனைவியையும் சேர்த்தால் ஆறு. அவள் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போனவள்தான், ஆனாலும் காது என்று ஒன்று இருக்கிறதே. விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும் என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக எண்ணிக்கொண்டே இருக்கிறேன். அதனால் இந்தக் கணக்கில் மட்டும் எனக்குத் தப்பு வராது.

போன வாரம் பேரனுக்கு ரப்பர் வாங்க, அவனையும் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்குப் போனேன். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பராம். முகர்ந்து பார்க்கச் சொல்லி நீட்டினான் கடைப் பையன். மேலே பழ வாசனை, அடியில் அதே பழைய வாசனை, தேய்த்தால் சூடாகி மூக்கில் ஏறுமே அது. மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன். பேரன்தான் ஓடிப்போய் வாங்கிவந்தான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன். குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனக் கம்பெனியில் மூட்டை பிடிக்கும் வேலை. கை இரண்டும் அரிக்கும். யாரோ சொல்லி, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹோமியோபதி வைத்தியரிடம் போனேன். அவர் கையைப் பார்த்தது ஒரு நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் கேள்வி. இடி இடித்தால் பயமா? பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பீர்களா? கூட்டத்தில் மூச்சு முட்டுமா? அரிப்பு அந்தச் சர்க்கரை உருண்டையால் நின்றதா, நான்தான் சொறிய மறந்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் பயங்களை ஒருவர் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. இப்படிக் கேட்கிற வைத்தியத்தைப் படித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

துணைக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஆரோக்கியம் லைன்மேன், என் வயசுக்காரன், மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். செல்வி டீச்சர் பால்வாடி நடத்தியவர். மூவரும் மாசம் ஐம்பது ரூபாய் ஊறுகாய் பாட்டிலில் போடுவோம். அதில் சேர்வதைக் கொண்டு புத்தகம். முதலில் வாங்கியது தமிழில் ஒரு சின்னக் கையேடு. பிறகு ஒவ்வொரு மருந்தின் குணத்தையும் விவரிக்கும் ஆங்கிலத் தடியன் ஒன்று. அதைப் படிக்க ஒரு அகராதி. அந்த அகராதி புரிய இன்னொரு அகராதி. ஒரு வருஷத்தில் பதினோரு புத்தகம் சேர்ந்தது. அதில் நான்கு, மற்ற ஏழு புத்தகங்களைப் புரிந்துகொள்வதற்காக வாங்கியவை.

புத்தகப் பொறுப்பு என்னுடையது. கவலைப்படுகிறவனிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்பது டீச்சரின் யோசனை. நான் விடுவேனா? பழுப்பு அட்டை, முதுகில் எண், தட்டில் வேப்பிலை, ஒரு பதிவு நோட்டு. எடுத்த தேதி, திருப்பிய தேதி, பக்கம் மடங்கியிருக்கிறதா, எண்ணெய்க் கை பட்டிருக்கிறதா.

"மச்சான், புக்குக்கு ஜொரம் வந்தா என்னா மருந்துடா குடுப்ப?" என்பான் ஆரோக்கியம்.

மருந்துகளைப் படித்தது இன்னும் மோசம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மனுஷ முகம் உண்டு என்பது இந்த வைத்தியத்தின் பாடம். எந்த முகத்தைப் படித்தாலும் அது நானாகவே இருந்தது. ஆர்சனிகம் படித்த வாரம் நள்ளிரவுப் பயம், பல்சடில்லா படித்த வாரம் சும்மாவே அழுகை.

"நல்லவேளை, புள்ளத்தாச்சிங்க அத்தியாயத்த அண்ணன் இன்னும் படிக்கல" என்றார் டீச்சர்.

எங்களிடம் இல்லாத பெரிய புத்தகம் ரெப்பர்டரி. நோய்க்குறிகளின் அகராதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி என்று தேடினால் எந்தப் பக்கம், எந்த நேரம், குனிந்தால் கூடுமா குறையுமா என்று கிளை பிரிந்துகொண்டே போகும், எதிரே மருந்துகளின் பெயர் நிற்கும். அது இல்லாமல் படிப்பது கரும்பலகை இல்லாத பள்ளிக்கூடம் மாதிரி. புது விலை கேட்டாலே எங்கள் பாட்டில் நடுங்கும்.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஒரு ஹோமியோபதி டாக்டர் காலமாகி, அவர் மனைவி புத்தகங்களை விற்கிறார் என்று தகவல் வந்தது. மூவரும் பஸ் ஏறினோம். கீழ வீதியை ஒட்டிய சந்தில் ஓட்டு வீடு. முன்னறையில் அலமாரி நிறைய புத்தகம். சரோஜாம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தார்.

"எடைக்குக் கேட்டாங்க தம்பி. நான் குடுக்கல. படிக்கறவங்க கைக்குப் போவணும். இவுரு என்னாடான்னா எல்லாத்துலயும் கிறுக்கி வச்சிருக்காரு மனுசன்."

எல்லாவற்றுக்கும் சேர்த்து மூவாயிரம் என்று பேசி முடித்தோம். கையில் இருந்தது ஆயிரத்து எண்ணூறு. மிச்சத்தைப் பொங்கலுக்குள் தருகிறோம் என்றதற்கு, "குடுக்காமயா போயிடப் போறீங்க" என்று சொல்லி, ரெப்பர்டரியைத் தனியாக ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டும்போது திறந்து பார்த்தேன்.

பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில் பென்சில் எழுத்து. எறும்பு ஊர்கிற மாதிரி தமிழ். 'புவனகிரி கோவிந்தன் சம்சாரம், மூணாம் நாள் தூக்கம்.' 'திரும்ப வந்தது.' 'தப்பு. மாற்றினேன்.' இப்படி.

எட்டாவது படிக்கும்போது, பள்ளிக்கூட நூலகப் புத்தகத்தில் யாரோ ஒரு ராஜாவுக்கு இரண்டாவது மீசை வரைந்துவைக்க, கடைசியாக எடுத்தவன் நான் என்று பிரம்படி எனக்கு விழுந்தது. அதிலிருந்து, புத்தகத்தில் எழுத்து என்றால் எனக்கு உடம்பு பதறும். அதோடு வேறொரு கவலை. யாராவது இந்தக் குறிப்பை நம்பி மருந்து கொடுத்து, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? பழியெல்லாம் புத்தகப் பொறுப்பாளன் தலையில். அதிலும் 'தப்பு' என்று அவரே எழுதிவைத்தது இருக்கிறது. செத்துப்போன மனுஷருக்கு ஏன் அந்த அவமானம் என்று நினைத்தேன்.

அழித்தேன். இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்க வேண்டிய பகலில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக. மூன்று வாரம், ஏழு ரப்பர். 'தப்பு' வருகிற இடங்களை இரண்டு தடவை தேய்த்தேன். தரையெல்லாம் ரப்பர்த் துரும்பு.

"என்னாங்க இது, ஊடு பூரா கருப்புப் புழுவா கெடக்குது" என்று பெருக்கித் தள்ளினாள் மனைவி.

புத்தகம் புதுசு போல ஆகிவிட்டது. ஆரோக்கியம் புரட்டிப் பார்த்து, "பைண்டிங் கடையில கூட இப்பிடி பண்ண மாட்டான் மச்சான்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கலுக்கு ஒரு மாசம் இருக்கும்போதுதான் சரோஜாம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாக்கி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதற்கில்லை. கௌரி அந்த வருஷம்தான் ஹோமியோபதி கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் பீஸுக்காகத்தான் புத்தகங்களை விற்றிருக்கிறார். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த பிறகே பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

"புக்க திருப்பிக் கேக்க வரலண்ணா" என்றாள் கௌரி. "அப்பா கிட்ட பாத்துக்கிட்டவங்க இன்னும் வீட்டுக்கு வராங்க. அன்னைக்கி குடுத்த மருந்து என்னா பாப்பா, அதே வேணும்னு கேக்கறாங்க. அப்பா தனியா நோட்டு எதுவும் வச்சுக்கல. எல்லாம் ரெப்பர்டரி ஓரத்துலதான் எழுதுவாரு. இங்கயே ஒக்காந்து காப்பி பண்ணிக்கிட்டுப் போயிடறேன்."

கையில் இருநூறு பக்க நோட்டு இரண்டு. புதுசு. மேலே இரண்டு பேனா செருகியிருந்தது.

நான் எழுந்து போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்தேன். அவள் திறந்தாள். நாலு பக்கம் தள்ளினாள். நடுவில் பிரித்தாள். பின்னால் பிரித்தாள்.

"இது இல்லம்மா. இது வேற புக்கு."

சரோஜாம்மா என்னைப் பார்த்தார். என் வாயில் இருந்ததெல்லாம் ஒரு வார்த்தைதான், அழித்துவிட்டேன். அது வரவில்லை. ஆரோக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதாம்மா மாத்திக் குடுத்திருப்ப" என்றாள் கௌரி. "ஒனக்கு எது எதுன்னே தெரியாதும்மா. பழைய பேப்பரோட எடைக்குப் போயிடுச்சா? நாப்பது வருசம்மா. நாப்பது வருசம்."

சரோஜாம்மா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே மெல்லத் தடவினார். அழுத்தி எழுதுகிற கை போலிருக்கிறது அவர் புருஷனுக்கு. பென்சில் போனாலும் பள்ளம் போகவில்லை. விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து ஒருதரம் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"ஆமாண்டி" என்றார் மகளிடம். "நான்தான் மாத்திட்டேன் போலருக்கு."

டீயைக் குடிக்காமல் எழுந்தார்கள். படி இறங்கும்போது, மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அம்மா, பாக்கி பொங்கலுக்குள்ள..." என்று இழுத்தேன். "இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் ஆரோக்கியம் சொன்னான்: "அழிச்சது தெரியாத்தனம் மச்சான். அந்தம்மாவ அந்தப் பொண்ணு திட்டும்போது சும்மா நின்ன பாரு." செருப்பை மாட்டிக்கொண்டே, "நானுந்தான் நின்னேன்" என்றான். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். எடுத்துப்போயிருந்த இரண்டு புத்தகங்களை மறுநாள் ஆள் மூலம் அனுப்பிவிட்டார். நோட்டில் திருப்பிய தேதி போட்டேன். அதுதான் அதில் கடைசி வரி.

அதற்கப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்து, பள்ளங்களைப் படித்து எழுதப் பார்த்தேன். பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தும் பார்த்தேன். எழுநூறு பக்கத்தில் முழுசாகத் தேறியது மூன்று வரி. எந்த வேலையையும் சுத்தமாகச் செய்கிறவன் என்று கம்பெனியில் எனக்குப் பெயர்.

பணத்தையாவது அனுப்பிவிடலாம் என்று தபால் ஆபீசில் மணியார்டர் பாரம் வாங்கினேன். அதன் அடியில் சேதி எழுத ஒரு சின்ன இடம் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றும் எழுதாமல் அனுப்பினால் வெறும் பணம். எழுதினால் கௌரி படிப்பாள். படிக்கட்டும் என்று ஒருநாள் தோன்றும், அந்தம்மா எனக்காகச் சொன்ன பொய் வீணாகிவிடுமே என்று மறுநாள் தோன்றும். இது யாருக்குச் சாதகமான யோசனை என்று உங்களுக்கே தெரியும். மூன்று பாரம் வீணானது. பொங்கல் போனது. அடுத்த பொங்கலும் போனது.

எட்டு வருஷம் கழித்து ஒரு துணிச்சலில் நேரே போனேன். ஓட்டு வீடு இருந்த இடத்தில் மூன்று மாடி லாட்ஜ். டாக்டர் வீடு என்று கேட்டதற்கு, கவுண்டரில் இருந்தவர், "எந்த டாக்டருங்க?" என்றார். பக்கத்துப் பூக்கடைக்காரம்மாவுக்கு நினைவிருந்தது. "வித்துட்டுப் போயிட்டாங்க. பொண்ணு டாக்டராயிட்டாளாம், அது கூடதான் இருக்காங்களாம். எந்த ஊருன்னு தெரியல. நீங்க பாத்துக்கிட்டவரா?" இல்லை என்று தலையாட்டினேன்.

ஆரோக்கியம் போன வருஷம் போய்ச் சேர்ந்தான். டீச்சரைக் கடைத்தெருவில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான். ரெப்பர்டரி முழுக்க இப்போது போனிலேயே வருகிறது, மருமகன் இறக்கிக் கொடுத்திருக்கிறான். குறியைத் தட்டினால் மருந்து வரிசையாக வந்து நிற்கிறது. அதில் பக்கம் கிடையாது, ஓரமும் கிடையாது. தபால் ஆபீசில் இப்போது அந்தப் பாரம் கேட்டால், "எல்லாம் ஆன்லைன்தாங்க" என்கிறார்கள். சரோஜாம்மா இருக்கிறாரா, மகள் இன்னமும் அவரைத்தான் குறை சொல்கிறாளா, ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்து அவருக்கு நாங்கள் தர வேண்டியது ஆயிரத்து இருநூறு ரூபாய்.