மாதாவுக்கு நேர்ந்துவிட்ட ஆமை

ஆக்சிலியா ஜங்லிகாட் சந்தையில் மீன் விற்பவள். கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவள். விலையை ஒரு தரம்தான் சொல்வாள். யாராவது இந்தியில் பேரம் பேசினால், பதில் சொல்லாமல் மீனையே பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அவர்களே சலித்துப்போய் வாங்கிக்கொண்டு போவார்கள்.

மகள் கிளாரா சின்னவளாக இருந்தபோது விஷக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போதுதான் புருஷன் டேவிட்டின் வலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அழுங்காமைக் குஞ்சு ஏறியது. அவர்கள் ஊர்ப்பக்கம் ஆட்டையோ கோழியையோ மாதாவுக்கு நேர்ந்துவிட்டு, திருவிழா வரைக்கும் வீட்டிலேயே வளர்ப்பார்கள். டேவிட் ஆட்டுக்குப் பதிலாக ஆமையை நேர்ந்தான். பிள்ளை பிழைத்தால், அவள் கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் வருஷம் மாதா திருவிழாவன்று கடலில் விடுவதாக வேண்டிக்கொண்டான். பிள்ளை பிழைத்துவிட்டாள்.

பாதியாக அறுத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் ஆமை வளர்ந்தது. டேவிட் கேன்களில் கடல்தண்ணீர் சுமந்து வந்து மாற்றினான். ஆக்சிலியா சந்தையில் மிஞ்சிய மீனைப் போட்டாள். கிளாரா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் முதுகைச் சொறிந்துவிடுவாள்.

ஒருநாள் வனத்துறை ஜீப் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஆமை, கடல்குதிரை, பவளம் எதையும் பிடிக்கக் கூடாது, ஆசைக்காகக்கூட வீட்டில் வளர்க்கக் கூடாது, மீறினால் ஜெயில் என்று இந்தியிலும் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு பானு மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

“என்னக்கா, ஜெயிலுக்குப் போறப்ப உங்க மாதாவையும் கூட்டிட்டுப் போவாங்களா?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆக்சிலியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. டேவிட்டிடம் சொன்னாள். அவன் அசையவில்லை.

“ஆமை நம்மளதா இருந்தாத்தான ஏட்டி குத்தம்? அது மாதாவோடது. மாதாகிட்ட வந்து பெர்மிட் கேப்பானா?”

அவன் அதை மனதார நம்பினான். நேர்ந்துவிட்ட பொருளுக்கு அவர்கள் வழக்கத்தில் வீட்டுக்காரன் சொந்தக்காரன் இல்லை. சர்க்கார் சட்டத்தில் அப்படி ஓர் இடமே இல்லை என்பது ஆக்சிலியாவுக்கு மட்டும் உறைத்தது.

மழை பிடித்த சமயம் ஆமை தின்பதை நிறுத்தியது. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. எவ்வளவு முயன்றும் அதனால் தண்ணீருக்குள் முங்க முடியவில்லை. ஆக்சிலியா அதன் முதுகோட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஓரமெல்லாம் இளகிக் கிடந்தது. வனத்துறையிடம் கொடுத்துவிட்டால் புருஷன் ஜெயிலுக்குப் போவான். வைத்திருந்தால் இது செத்துப்போகும். டேவிட் கடலுக்குப் போயிருந்த பகலில், ஆமையை அகன்ற பேசினில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, ஆட்டோ பிடித்து வனத்துறை ஆபீசுக்குப் போனாள்.

யார் பிடித்தது என்று அதிகாரி இந்தியில் கேட்டார்.

“நான்தான்,” என்றாள்.

டிங்கிப் படகு ஓட்டுவாயா, வலை வீசுவாயா என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பேரம் பேசுகிறவர்களிடம் நிற்பது போலவே ஆமையைப் பார்த்தபடி நின்றாள். அவர் சலிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்.

கிளாரா சொல்லி விஷயம் தெரிந்து, லுங்கி ஈரம் காயாமல் டேவிட் ஓடிவந்தான்.

“முழங்காலளவு தண்ணிக்கே பயப்படுவா சார் இவ. பிடிச்சது நான்,” என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான். “ஏட்டி, மாதாவுக்குக் குடுத்த வாக்கு என்னாவும்?”

“மாதாவுக்கு உயிரோடதான நேந்தீங்க? செத்தத எங்க கொண்டு விட?”

அவன் பேரில் கேஸ் எழுதினார்கள். அன்று உள்ளே போனவன், ஜாமீன் கிடைத்துத்தான் வீடு வந்தான்.

வனத்துறைத் தொட்டியில் ஆமை பிழைத்துக்கொண்டது. ஆனால் கடலில் விடும் அளவுக்குத் தேறவில்லை என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். கிளாரா புதுநன்மை வாங்கினாள். அந்த வருஷத் திருவிழாவில் டேவிட் தேருக்குப் பின்னால் வெறுங்கையோடு நடந்தான்.

கேஸ் இன்னும் முடியவில்லை. வாக்குத் தவறியதை மன்னிக்கச் சொல்லி டேவிட் கோயிலில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறான். பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆக்சிலியாவும் நிற்கிறாள். மன்னிப்பெல்லாம் அவள் கேட்பதில்லை. இந்த மனுஷனை வீட்டில் விட்டுவை என்று மட்டும் கேட்கிறாள்.