யோகராஜாவின் பெயரில் நான் வரைந்த பாலம்

அந்தச் சீட்டை உருவாக்கியவன் நான். யோகராஜா அல்லன்!

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் பிடித்தது. இப்போதும் சொல்லவேண்டியவனிடம் சொல்லவில்லை... உங்களிடம்தான் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. கோழைக்கு அது வசதி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவந்தேன். கலியாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், இவைதான் வேலை. பத்திரிகை வெட்டிய மிச்ச மட்டைகளை வீசியெறிய மனமில்லாமல் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். மலைச்சீட்டு என்று பெயர் வைத்தேன். ஒரு பைக்கற்றில் ஐந்து சீட்டு. எந்த ஐந்து என்பது பிரித்தால்தான் தெரியும். சிறுத்தை, மண்சரிவு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, கொழுந்துக்கூடை... ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு வல்லமை. சேர்க்கவேண்டும், மாற்றிக்கொள்ளவேண்டும், எதிரெதிரே உட்கார்ந்து மோதவேண்டும்.

தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் அது தீயாய்ப் பரவியது. ஏன் தெரியுமா? புதிய சீட்டுகளை ஆடுகிறவர்களே சொல்லலாம் என்று வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகத்தின் பின்னறையில் கூடுவார்கள். வெற்று மட்டையில் பென்சிலால் எழுதி, வெட்டும் மேசையிலேயே ஆடிப் பார்ப்போம். ஒத்துவந்தால் அடுத்த தொகுதியில் அச்சேறும். சொன்னவரின் பெயரும் தோட்டமும் சீட்டின் அடியில் வரும். அவருக்கு அந்தச் சீட்டில் ஒரு கட்டு இலவசம். அடையாள அட்டைக்கே அரசாங்கக் கச்சேரி வாசலில் காய்ந்த சனம் அல்லவா... தன் பெயரை அச்சில் பார்த்தால் எப்படிப் பூரித்துப்போகும்! அந்தப் பெருமையை நான் நன்றாக அறிந்திருந்தேன். அறிந்துதான் அந்த விதியை வைத்தேன்.

வட்டவளை மாலதி அட்டைப்பூச்சிச் சீட்டைச் சொன்னாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வாயாடி. அவளுடைய அட்டைப்பூச்சி எதிராளியின் சீட்டில் ஒட்டிக்கொண்டு வல்லமையை உறிஞ்சிவிடும். அதை யாராலும் வெல்ல முடியவில்லை.

"சவுக்காரம் தேச்சாலும் எங்க அட்ட விழாதுங்க!" என்று சிரிப்பாள்.

மற்றவர்கள் என்மீது பாய்வார்கள். "அண்ணே, ஒரே அடியில ஆட்டத்த முடிக்கிற சீட்டு ஒன்னு போடுங்க! இல்லாட்டி நாங்க இந்தப் பக்கமே வர மாட்டோம்!"

விளையாட்டாகத்தான் சொன்னார்கள். நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. வராமல் போய்விட்டால்?

யோகராஜா டயகமப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை ஆலையில் வேலை செய்தவன். அதிகம் பேசமாட்டான். தோற்றாலும் சிரிப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பஸ் நிலையம் வரை என்னோடு நடந்து வந்தான். கூட்டத்தில் சொல்ல வெட்கம் போலும்.

"அண்ணே, மூடுபனின்னு ஒரு சீட்டு போடலாங்களா? பனி எறங்குனா பாலத்துக்கு முன்னால ரயிலு நின்னுரும். எதிராளி ஒரு ஆட்டம் சும்மா இருக்கணும். அவ்வளவுதாங்க."

"யாருக்கும் அடி இல்லையா?"

"எதுக்குங்க அண்ணே அடி? பனி வெலகுனா ரயிலு போயிரும்."

நல்லது என்று தோளில் தட்டி பஸ் ஏற்றினேன். அந்தக் கணத்தில் நான் நல்லவனாகத்தான் இருந்தேன், நம்புங்கள்!

படம் வரைய உட்கார்ந்தபோதுதான் சனியன் என் கையில் ஏறியது. மூடுபனி யாருக்கு வேண்டும்? ஒரு ஆட்டம் சும்மா இருக்கும் சீட்டை எவன் தேடி வாங்குவான்? பனியை அழித்தேன். பாலத்தை மட்டும் விட்டேன். பிறகு பாலத்தின் நடுவை உடைத்தேன். எஞ்சின் பள்ளத்தில் தொங்கியது. 'பாலம் இல்லை' என்று தலைப்பிட்டு, கீழே 'எதிராளியின் சீட்டுகள் யாவும் பள்ளத்தில்' என்று எழுதினேன்.

நானும் வட்டவளையில் பிறந்தவன். ரயில் பாதை ஓரம் வளர்ந்தவன். எங்கள் ஊர் ரயில் பாலத்தை வரைய எனக்குக் கண்ணைத் திறக்கவே வேண்டியதில்லை. தூண், வளைவு, பக்கத்துக் கல்... எல்லாம் அப்படியே வந்து விழுந்தன.

அடியில் யாருடைய பெயரைப் போடுவது? இங்கேதான் என்னை நானே திரும்பத் திரும்பக் குடைந்து கேட்கிறேன். யுத்த காலம். அந்த வாரம் ரயில்களில் சோதனை கடுமையாக இருந்தது. குண்டு வைப்பார்களோ என்று பாலங்களின் இருபுறமும் காவல் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரியாதா? தெரியும்! எழுத்துகளைக் கோக்கும்போது என் கை ஒரு நொடி நின்றது. பிறகு கோத்தது... 'யோகராஜா, டயகம.'

அவன் சொன்ன பாலம்தானே, அவன் பெயர்தானே நியாயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயத்தில்தான் என் பெயரைத் தவிர்த்தேனா? இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

இலவசச் சீட்டுக் கட்டை வாங்கிய யோகராஜா ஒரு கணம் திகைத்தான். "என்னங்க அண்ணே, பனியக் காணோம்?" என்றான். பிறகு தன் பெயரைப் பார்த்தான். விரலால் தடவினான்.

அடுத்த வாரம் கொழும்பில் ஒரு கடை வேலைக்காகப் புறப்பட்டான். அங்கிருக்கும் தோட்டத்துப் பையன்களுக்குக் கொடுக்க அந்தச் சீட்டுக் கட்டையும் சட்டைப் பையில் வைத்திருந்தான். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். ஒரே படம், அத்தனை பிரதி... உடைந்த ரயில் பாலம்... அடியில் அவனுடைய பெயரும் ஊரும்! பிடித்து அடைத்துவிட்டார்கள்.

அவனுடைய அம்மா அச்சகத்துக்கு ஓடிவந்தார். கொழுந்து எடுத்த கோலத்திலேயே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு வந்து நின்றார்.

"ஐயா, நீங்க நாலெழுத்து படிச்சவங்க, சிங்களம் தெரிஞ்சவங்க. இது வெறும் வெளையாட்டுன்னு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கய்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

போனேன். ஆம், போனேன்! போகாமல் இருந்திருந்தால்கூட என் பாவம் சற்றுக் குறைந்திருக்கும்.

அவனை அடைத்திருந்த பொலிஸ் நிலையத்தில் அதிகாரி சீட்டை மேசையில் வைத்தார். தூண்கள்கூட நிஜப் பாலத்தைப் போல அச்சொட்டாக இருக்கின்றன, இதை யார் யோசித்தது என்று கேட்டார். யோகராஜாவின் அம்மா என் பக்கத்தில் நின்றார். சிங்களம் புரியாது. நான் பேசுவதெல்லாம் தன் மகனுக்காகத்தான் என்று நம்பி, கைகூப்பியபடி நின்றார்.

இது விளையாட்டு என்றேன். சீட்டுகளை ஆடுகிறவர்கள்தான் சொல்கிறார்கள் என்றேன். பிறகு, "அபி அச்சு கஹனவா விதரய்" என்றேன். நாங்கள் அச்சடிப்பது மட்டும்தான்.

பார்த்தீர்களா? மற்ற எல்லாச் சீட்டுகளுக்கும் அது பெரும்பாலும் உண்மை. அந்த ஒரே சீட்டுக்கு மட்டும் பொய். எத்தனை பேரைக் கூட்டி வைத்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆடினேனோ, அத்தனையும் அன்று எனக்கு மறைந்துகொள்ள ஒரு சுவராயிற்று!

வெளியே வந்ததும் அந்தத் தாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனை அனுப்பவில்லை.

மாலதி மட்டும் ஒருநாள் வந்தாள். சிரிப்பில்லை.

"அண்ணே, மூடுபனின்னுதான் சொன்னேன்னு கட்டு வாங்கின அன்னிக்கு அவன் எங்கிட்ட சொன்னானே?"

"அப்புறம் அவனே வந்து மாத்தச் சொன்னான்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடமிருந்த சீட்டுகளை எல்லாம் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. மலைச்சீட்டு அத்தோடு நின்றது.

சில வருடங்கள் கழித்து, சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் யோகராஜாவை விட்டார்கள். நேராக அச்சகத்துக்குத்தான் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். தேத்தண்ணீர்க் கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

"நான் பாலம் விழுற மாதிரி சொல்லியிருக்கக் கூடாதுங்க அண்ணே. என்னாலதானே ஒங்க வெளையாட்டும் போச்சு. மன்னிச்சுக்கங்க."

அவன் தரையைப் பார்த்தபடி தொடர்ந்தான்.

"அங்க கேட்டுக் கேட்டு, நாந்தான் நாந்தான்னு சொல்லிச் சொல்லி... மொதல்ல வேற என்னமோ ஒன்னு சொன்ன மாதிரி இருக்குங்க. பனின்னு எதும் சொன்னேனா அண்ணே? ஞாபகம் வர மாட்டேங்குது."

கடவுள் கதவைத் திறந்துவிட்டார், பார்த்தீர்களா! ஆம் என்ற ஒரு சொல் போதும். அவனுடைய நினைவை அவனிடமே திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

"இல்ல தம்பி," என்றேன். "பாலந்தான் சொன்ன. பரவாயில்ல, விடு."

நான் அவனை மன்னித்தேன்! நான்... அவனை!

"அப்ப சரிங்க அண்ணே," என்று எழுந்தான். நிம்மதியாகத்தான் போனான்.

இப்போது ராகலையில் மரக்கறித் தோட்டம் செய்கிறான். என் நல்ல மனசை மறக்கவில்லையாம். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மூட்டை கரட்டும் லீக்ஸும் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வருகிறான். இந்த வருடமும் வந்தான்.

வாங்கி வைத்துக்கொண்டேன்.