சின்னக் கட்டில்

லண்டனில் ஒரு கூடைப்பந்து அணிக்கு வான் ஓடுகிறேன். ஆட்டக்காரர்களை ஏற்றி இறக்குவதும், அவர்கள் தங்கும் ஃபிளாட்டுகளைத் துப்புரவாக்கிப் பால் வாங்கி வைப்பதும் என் தலையில்தான். சம்பளத்துக்கு வந்து ஆடும் அமெரிக்கர்களுக்கு அணியில் அளவான இடங்கள்தான் உண்டு. ஒருவன் வந்தால் ஒருவன் போகவேண்டும். புதியவனை ஏற்ற விமான நிலையத்துக்கு என்னைத்தான் அனுப்புவார்கள் என்பதால், யாருடைய வேலை போகப்போகிறது என்பது அவனுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வேலைக்கு எடுக்கும்போது இந்தக் கண்றாவியை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

போன மாசியில் மனேஜரின் செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை புதிய ஆளை ஏற்றவேண்டும், ஞாயிறு ஆட்டம் முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. போகப்போகிறவன் யாரென்று உடனே விளங்கியது. அணியின் புள்ளிகளில் பாதியை அவன்தான் போட்டான். ஆனாலும் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அணி தோற்றால் முதலில் அனுப்புவது அமெரிக்கனைத்தான், தான் ஆடிய இத்தாலி, துருக்கி, போலந்து என்று எல்லா இடமும் இதே கதைதான் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவனுடைய நோர்பரி ஃபிளாட்டில் அவனும் நானும் முழங்காலில் இருந்து, பலகைகளுக்கு ஸ்க்ரூ முறுக்கி ஒரு சின்னக் கட்டில் பூட்டியிருந்தோம். அவனுடைய மனைவியும் ஆறு வயது மகளும் ஈஸ்டருக்கு வந்து இங்கேயே தங்கப்போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்துவிட்டது.

"என்னப்பா, நாலு தரம் தேத்தண்ணியைச் சூடாக்கிப்போட்டுக் குடிக்காமல் நிக்கிறியள்?" என்றாள் என் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப சொல்லுங்கோவன். அந்தப் பிள்ளை அங்க பெட்டி அடுக்கிக்கொண்டெல்லோ இருக்கும்."

"சொன்னால் என்ர வேலையும் போகும்."

"ஓம், போகும்தான்," என்றுவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவளோடு எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் எறிந்ததெல்லாம் கூடையில் விழுந்தது. சனம் எழுந்து நின்று கத்தியது. என்னால் உட்காரவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. அன்றும் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து அவனுடைய ஃபிளாட் வாசலில் வானை நிறுத்தி, இறங்கப்போனவனின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். அவன் திடுக்கிடவில்லை. தெரியும், என்றான். கோச் இன்றைக்குத் தன்னை ஒருமுறைகூடத் திட்டவில்லையாம். போகப்போகிறவனை யார் திட்டுவார்கள் என்று கேட்டான். பிறகு, மகளிடம் எப்படிச் சொல்வது என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அழவில்லை.

செவ்வாய் காலை அவனை ஹீத்ரோவில் இறக்கினேன். கட்டிலைக் கழற்ற வேண்டாம், வருகிறவனுக்கும் பிள்ளை இருக்கலாம் என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு போனான்.

புதியவனின் விமானம் பின்னேரம்தான். நான் நோர்பரிக்குத் திரும்பி, பால் வைத்து, நிலம் துடைத்தேன். கட்டில் கிடந்த சின்ன அறையைக் கடக்க மனம் விடவில்லை. அதைப் பார்த்து வருகிறவனும் ஆசை வளர்க்கக்கூடாது என்று தோன்றியது. ஸ்க்ரூவெல்லாம் கழற்றிப் பலகைகளை வானின் பின்பக்கம் போட்டேன்.

புதியவன் நல்ல உயரம், சிரித்த முகம். முன் சீட்டில் ஏறி பெல்ட் போட்டதும் கேட்ட முதல் கேள்வி, ஃபிளாட்டுக்குப் பக்கத்தில் நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறதா என்பதுதான்.

இருக்கிறது என்றேன். பின்னால் பலகைகள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தமிட்டன. அது என்ன சத்தம் என்று அவன் திரும்பிப் பார்க்குமுன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.