இணைச்சீருக்கு வரமாட்டேன் என்று சொன்னேன்

சொன்ன சொல்லை மாற்றாதவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதைப் புகழ்ச்சி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கரிசல் காட்டில் பருத்தியும் கடலையும் போடுகிற குடும்பம் எங்களுடையது. பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே ரயில் பாதை போட்டிராத காலம். என் பிறந்த வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், புகுந்த வீடு இந்தப் பக்கம். அப்பா காலமானபோது என் தம்பி நடை பழகிக்கொண்டிருந்தான். அம்மா காட்டையும் மாட்டையும் பார்க்க, அவனை இடுப்பிலே சுமந்து வளர்த்தவள் நான். ஆகவே அவன் கல்யாணமும் என் பொறுப்பு என்று நானே முடிவு செய்து, என் கணவரின் தங்கையை அவனுக்குக் கட்டுவதாக மாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவனைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடுப்பில் இருக்கிற பிள்ளையிடம் எந்த வழியாகப் போகலாம் என்று யாராவது கேட்பார்களா?

அவனோ வேறு ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தான். மாரியம்மன் நோன்புக்கு நான் பிறந்த வீடு போயிருந்தபோது விஷயம் வெளியே வந்தது. பங்காளிகள், மாமன் மச்சான்கள் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் நான் சொன்னேன்: "அப்படீன்னா உன்ர இணைச்சீருக்கு வேற எவளையாச்சும் பாத்துக்கடா. நான் வரமாட்டேன். நீயே வந்து கூப்புட்டாலும் வரமாட்டேன்."

எங்கள் சனத்தில் இதைவிடக் கடுமையான சொல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் நடக்கிற சடங்கு இணைச்சீர். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் உடன்பிறந்தாள் நிற்கவேண்டும். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். பெண்டாட்டி வந்தாலும் பிறந்தவள் உறவு விட்டுப்போகாது என்று ஊர் அறியச் செய்வது அது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள். அக்காள் உயிரோடு இருக்கும்போது வேறொருத்தி நின்றால், அன்றோடு அந்த அக்காள் அவனுக்கு இல்லை என்று அர்த்தம். இது தெரிந்தேதான் சொன்னேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாத்தனாருக்கு அடுத்த மாதமே நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் என் தம்பியைவிட நல்ல இடமாக அமைந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே வளையல் அடுக்கிக்கொண்டாள். மாமியாரும் மனம் ஆறிவிட்டார். யாருக்காக நான் சண்டை போட்டேனோ அவர்களெல்லாம் எழுந்து போய்விட்டார்கள். நான் மட்டும் சண்டையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தம்பி வெற்றிலை பாக்கோடு அழைக்க வந்தான். வண்டிச் சத்தம் கேட்டதுமே பருத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் வெளியே என் கணவரோடு பேசுவது கேட்டது. மோர் குடித்தான். கதவுக்கு அருகில் வந்து, "அக்கா, போயிட்டு வரேனுங்க்கா" என்றான். நான் மூச்சுக்கூட விடவில்லை. வண்டி போன பிறகு வெளியே வந்து, எதுவும் நடக்காததுபோல எருமைக்குத் தண்ணீர் காட்டினேன்.

என் கணவர் சாதுவான மனிதர். அந்த வருஷம் பழனிக்குக் காவடி எடுத்துப் போனவர், வழியில் ஒரு மடத்தில் தங்கியிருந்த சாமியாரிடம் தியானம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மந்திரம் கிந்திரம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடி, மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். விடியற்காலையில் உட்காருவார். சற்று நேரத்தில் குறட்டை கேட்கும்.

தம்பி வந்துபோன அன்று அவர் என்னைப் பார்த்து, "ஏ புள்ள, நீயும் ஒருக்கா கண்ண மூடி உக்காந்து பாரு. சித்த மனசு எளகும்" என்றார். பிறகு அவரே, "ம்க்கும், அது உன்னால ஆகாது" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஏனுங்க, என்னால ஆகாதா? தூங்கி வழியற உங்களாலயே ஆகுதாமா, என்னால ஆகாதா?"

இப்படித்தான் நான் ஆன்மிகத்துக்கு வந்தேன். சாமி கும்பிட வேண்டும் என்றோ மனம் திருந்த வேண்டும் என்றோ நினைத்து வரவில்லை. அவரைத் தோற்கடிக்க வந்தேன்.

பருத்தி அறையில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பருத்திக் குவியல் வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாது. கால் மரத்துப்போனது, எழவில்லை. மூக்கில் பஞ்சு ஏறித் தும்மல் வந்தது, எழவில்லை. கன்று கத்தியபோதும் எழவில்லை. கணவர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் உட்கார்ந்தேன். அதன்பிறகு ஒருநாளும் விடவில்லை. அசையாமல் உட்காருவதற்கு வேண்டிய சரக்கு என்னிடம் ஏராளமாக இருந்தது.

உடம்பு அசையவில்லையே தவிர, உள்ளே ஒரே கூச்சல். இரண்டு மூச்சு ஒழுங்காக வரும். மூன்றாவதில் தம்பி வந்துவிடுவான். அவன் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, சண்டை மும்முரமாக நடக்கும். ஒவ்வொரு நாளும் நான்தான் ஜெயித்தேன். ஜெயித்த திருப்தியோடு எழுந்துபோய்ப் பால் கறப்பேன். இதற்குப் பெயர்தான் தியானம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இணைச்சீர் நாளும் வந்தது. மாமியார் முன்தினமே போய்விட்டார். கணவர், "நான் மட்டும் போய்த் தலை காட்டிட்டு வந்தர்றேன்" என்று வண்டியை இழுத்து வைத்தார். "மகராசனாப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, காலையிலேயே உட்கார்ந்து எழுந்தவள் மத்தியானம் மறுபடியும் பருத்தி அறைக்குப் போனேன். வண்டி போகிற சத்தம் காதில் விழக்கூடாது என்றுதான்.

மூச்சைப் பார்த்தேன். வழக்கம்போலத் தம்பி வந்தான். "இனி உங்க பேச்ச நான் கேக்க மாட்டேன், இது என்ர ஊடு, என்ர கல்யாணம்" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அந்தக் குரல் அவனுடையது இல்லை. சொல்லை வெட்டி வெட்டிப் போடுகிற அந்தத் தோரணை என்னுடையது. இத்தனை நாளும் அவனுக்கு வசனம் எழுதிக்கொடுத்துப் பேசவைத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

அப்படியானால் அன்றைக்கு அவன் என்னதான் சொன்னான்? யோசித்தேன். சாப்பாட்டு இலைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, எனக்கு அந்தப் புள்ளையத்தானுங்க்கா புடிச்சிருக்குது" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அதையும் கெஞ்சுகிற குரலில்தான் சொன்னான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, தேடினாலும் கிடைக்கவில்லை. அவனைப் பார்க்கவேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. ஆனால் நேரம் போய்விட்டது. வண்டி போயிருக்கும். இந்நேரம் எனக்குப் பதிலாக நிற்கப் பெரியப்பா மகளுக்குப் புதுச்சேலை கட்டிவிட்டிருப்பார்கள்.

கதவைத் திறந்தேன். வண்டி போகவில்லை. கணவர் பூட்டிய மாட்டை அவிழ்த்து மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார். எத்தனையாவது தடவையோ, தெரியாது. என்னைப் பார்த்தார். வைக்கோலைத் தட்டி இடம் பண்ணினார். நான் பெட்டியிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து அவசரமாகச் சுற்றிக்கொண்டு ஏறினேன். தலையில் ஒட்டியிருந்த பஞ்சை அவர்தான் வழியில் எடுத்துவிட்டார்.

ஆற்றைத் தாண்டும்போது மேளச் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. எத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னேனோ, அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். வண்டியை விட்டு இறங்குவதற்குள்ளேயே பெரியம்மா வாசலில் பிடித்துக்கொண்டார். நாலு பேருக்குக் கேட்கிற குரலில், "ஏனாத்தா, வரமாட்டேன்னு சொன்னவ வந்துட்டியாட்ட இருக்குது?" என்றார்.

பழைய நானாக இருந்தால் வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பேன். வாயில் பதிலும் தயாராகத்தான் வந்து நின்றது. ஒரு மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. "ஆமாங்க பெரியம்மா, சொன்னேன். வராம இருக்க முடியலீங்க" என்றேன். எனக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எழுதிக் காட்ட முடியாது.

பந்தலுக்குள் ஏதோ சச்சரவு. சடங்கு செய்கிற அருமைக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நடுவில் மணை போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். அம்மா அவன் கையைப் பிடித்து, "நேரந் தப்புது, உக்காரு சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மகள் வியர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தாள். "வாங்க்கா, வாங்க. மத்தியானத்துல இருந்து இப்படியேதானுங்க்கா நிக்குது. எங்கக்கா வராம மணைல உக்கார மாட்டேங்குது, இத்தன நாளா இதே சண்டைதானுங்க. இதுகூட மல்லுக்கட்ட என்னால ஆகாதுங்க. நீங்களாச்சு, உங்க தம்பியாச்சு" என்று கூறைச்சேலையின் முனையை என் கையில் திணித்துவிட்டு விசிறியைத் தேடிக்கொண்டு போனாள்.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்க்காமலே மணையில் உட்கார்ந்தான். உட்காரும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டான். அருமைக்காரர் வெற்றிலையை எடுத்து வைத்து ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"நான் வராமப் போயிருந்தா என்னடா பண்ணியிருப்ப?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நின்னுட்டே இருந்திருப்பேனுங்க்கா" என்றான்.

நின்றிருப்பான். கல்யாணப் பெண் காத்திருந்தாலும், முகூர்த்தம் தப்பினாலும் நின்றிருப்பான். நான் பருத்தி அறையில் அவனோடு சண்டை போட்டு ஜெயித்துக்கொண்டிருந்த நாளெல்லாம், அவன் எனக்காக மற்றவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு அழுகை பொங்கி வந்தது. கூறையின் முனையைப் பிடித்துக்கொண்டு அத்தனை சனத்துக்கு முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதேன். நல்ல காரியத்தில் இப்படி அழக்கூடாது, நிறுத்து என்று பெரியம்மா பின்னாலிருந்து அதட்டினார். நான் நிறுத்தவில்லை.