படத்தில் இல்லாத செட்

கம்ப்யூட்டரில் படம் வரைவது பாதி வேலைதான். அடுத்தவர் வரைந்த படத்துக்கு என்ன வியாதி என்று தேடுவது மீதிப் பாதி. திருத்தங்கலில் கடை போட்டுப் பதினாலு வருடமாக இதைத்தான் செய்கிறேன். பட்டாசுக் கம்பெனிகள் லைசென்ஸுக்குக் கொடுக்கும் பிளான்தான் அதிகம் வரும். எந்த ரூம் எங்கே, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை மீட்டர் என்று அதில் காட்ட வேண்டும். ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூமுக்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. இதே தொழிலில் கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, ஒரே ஒரு பிளான் என்னைப் படுத்திய பாட்டைக் கேளுங்கள்.

நிறம் ஏறாத ரூம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கம்பெனி அது. பிளானைப் பென் டிரைவில் கொண்டுவந்தவர் அங்கே போர்மேனாக இருக்கும் மாரியப்பன். வெடிமருந்து கலக்கும் ரூமுக்குச் சிவப்பு கொடுத்தால் ஏறவே மாட்டேன் என்கிறது என்றார். உங்களுக்குத் தெரிந்த வியாதிதான். நான்கு கோடும் சேர்ந்த மாதிரியே இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஏதோ ஒரு மூலையில் மயிரிழை இடைவெளி விட்டிருக்கும். வாசலை ஒட்டிய மூலையில் அதைக் கண்டுபிடித்து மூடினேன். சிவப்பு சட்டென்று நிறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாரியப்பன் சொன்னார்: "எங்களுக்கு ஓடித் தப்பிக்க ஒரு சந்து இருந்தாத்தான் சார் உசுரு. ஒங்க கம்ப்யூட்டரு அதத்தான் மொதல்ல அடைக்கச் சொல்லுது."

ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஓடும்

அடுத்த வாரம் அந்தக் கம்பெனி மேனேஜரே வந்தார். குடோனைக் கொஞ்சம் கிழக்கே தள்ள வேண்டுமாம். என்னோடு வேலை பார்க்கும் எஸ்தர் விவரமான பெண். யாரும் குறைத்துவிடக் கூடாது என்று இடைவெளிகளை எல்லாம் ஒன்றோடொன்று பூட்டி வைத்திருந்தாள். குடோனை இழுத்ததும் வரிசையாக எல்லா ரூமும் நகர்ந்தன. கடைசி ரூம் காம்பவுண்டைத் தாண்டி வெளியே போய் நின்றது.

இடைவெளியைக் குறைக்க முடியாது, இருக்கிற இடத்தில் இத்தனை ரூம் அடங்காது என்று எஸ்தர் பொறுமையாகச் சொன்னாள். மேனேஜர் தாடையைத் தடவி யோசித்தார். ஒரு ரூமைக் குறைப்பார் என்று நினைத்தோம். "அப்ப சுவத்தத் தள்ளி வரைஞ்சிருங்கம்மா. பக்கத்துக் காடு என் மச்சினன் காடுதான், ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்றார்.

வெறும் இடத்தில் ஒட்டும் அளவு

தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்த நேரம். பிளானை வாங்கிப்போக மாரியப்பன் மறுபடி வந்தார். கலக்கும் ரூமுக்கும் அதற்கு எதிரே உள்ள பேக்கிங் ரூமுக்கும் நடுவே பதினெட்டு மீட்டர் இருக்க வேண்டும். அளவுக்கோடு இழுத்தால் ஆறு என்று காட்டுகிறது. கோடு வழியிலேயே ஒரு வெறும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெறும் இடத்தில் ஒட்டுகிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். தேடினேன். திரையின் கறுப்பிலேயே கறுப்பாக ஒரு நீளக் கட்டம், பிரிண்டில் வராத லேயரில். வயரிங் போட்டவனுக்காக யாரோ வரைந்து, பிறகு ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன்.

மாரியப்பன் முகம் மாறிவிட்டது. "அது தகரச் செட்டு சார். சீசனுக்குப் போட்டது. எம் பொஞ்சாதி பேச்சி அங்கனதான் மருந்து செலுத்துதா."

மேனேஜருக்குப் போன் போட்டேன். சீசன் முடிந்ததும் பிரித்துவிடுவோம், நாளைக்குப் பிளான் கொடுத்தாக வேண்டும், படத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். மாரியப்பனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தபடி, "குடுத்திருங்க சார், இல்லாட்டி ரெண்டு பேருக்கும் வேல போயிரும்" என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பெரிய கம்பெனி, போனால் திரும்ப வராது என்ற பயம்; இன்னும் மூன்று வாரம்தானே என்று ஒரு சமாதானம். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. கட்டத்தை அழித்தேன். அளவு பதினெட்டுக்கு வந்துவிட்டது. எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "படம் சரியாயிருச்சுண்ணே. செட்டு அங்கனதான இருக்கு?"

டேப் பிடித்தவர்

சீசன் முடியவில்லை. கலக்கும் ரூமில்தான் முதலில் வெடித்தது. நெருப்பு தகரச் செட் வரைக்கும் வந்தது. பேக்கிங் ரூமுக்குப் போகவில்லை. செட்டில் இருந்த நான்கு பெண்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. பேச்சியும் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு மாரியப்பன் கடைக்கு வந்தார். விசாரணைக்குப் பிளானில் ஒரு நகல் வேண்டுமாம், கம்பெனி அனுப்பியிருக்கிறது. அனுப்ப வேறு ஆளா கிடைக்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் பிளான் தப்பு, செட்டைத் திரும்ப வரைந்து, நான் அழித்ததையும் எழுதியே கொடுக்கிறேன் என்றேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னது இதுதான்: "தப்பில்ல சார். நேத்து ஆபீசருமாரு அளந்தாக. டேப்புல ஒரு முனைய நாந்தான் பிடிச்சேன். நடுவுல இப்ப ஒண்ணுமில்ல. சரியா பதினெட்டு இருக்கு."

இத்தனை வருடத்தில் என் படத்தில் தப்பில்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.