தடிக்காத கை

நெஞ்சுநோய் மருத்துவமனையின் நான்காம் அறையில் இருபத்திரண்டு வருடமாக ஊசி போடும் நர்ஸுக்கு 'ஸ்கேல் அக்கா' என்று பெயர். முன்கைத் தோலுக்கடியில் காசநோய்க் கிருமியின் புரதத்தில் ஒரு சொட்டு ஏற்றுவாள். மூன்றாம் நாள் வரச்சொல்லி, அந்த இடம் எத்தனை மில்லிமீட்டர் தடித்திருக்கிறது என்று அளப்பாள். சிவந்திருப்பதைக் கணக்கில் எடுக்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு தடிப்பின் விளிம்பை விரலால் தேடுவாள். புது டாக்டர் பன்னிரண்டு என்றால், இவள் "பத்துதான் சார்" என்பாள். மறுபடி அளந்தால் பத்துதான் இருக்கும். அந்த விரலைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே!

அந்தத் தலைக்கனம்தான் அவளைக் கவிழ்த்தது. அவள் தங்கை ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள். ஒரு மாதமாக விடாத இருமல். சாப்பாடு இறங்காமல் துரும்பாக இளைத்துவிட்டாள். அக்கா இழுத்துவந்து ஊசி போட்டாள். மூன்றாம் நாள் தடவிப் பார்த்தால் கை மழமழவென்று இருந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பூஜ்யம்டி! உனக்கு ஒன்னும் இல்ல. நல்லா சாப்பிட்டுத் தூங்கு."

"சளி டெஸ்டுக்கு டப்பா குடுத்தாங்களே?"

"அதெல்லாம் வேண்டாம். என் விரல் சொன்னா சொன்னதுதான்."

வேறு யாராக இருந்தாலும் டப்பாவைக் கையில் திணித்து அனுப்பியிருப்பாள். தூக்கி வளர்த்த தங்கை என்றதும், ஒரு நல்ல செய்தி கிடைத்த இடத்திலேயே மனசு உட்கார்ந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து தங்கை ரத்தமாக இருமினாள். சளியில் கிருமி மொய்த்தது. அக்கா டாக்டரிடம் ஓடினாள்.

"நான் தப்பா அளந்துட்டேனா சார்?"

"அளந்தது சரிதான் சிஸ்டர். கிருமி நுரையீரலுக்குள்ள வந்தா, அத அடையாளம் தெரிஞ்ச டி செல்கள்ங்கிற வெள்ளை அணுக்கள் பெருகி அங்க ஓடும். கிருமிய முழுங்கிட்டு கொல்ல முடியாம நிக்கிற அணுக்கள உசுப்பிவிடும். அதே டி செல்கள்தான் நாம ஊசி போட்ட எடத்துக்கும் வந்து தடிப்பு உண்டாக்கும். உங்க தங்கச்சி உடம்புல தெம்பே இல்ல. இருக்கிற கொஞ்சநஞ்சமும் நெஞ்சுல மல்லுக்கட்டிட்டு இருக்கு. அதான் கை தடிக்கல."

இது அவளுக்குத் தெரியாததா? கை தடிக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது என்று, பயிற்சிக்கு வருபவர்களிடம் மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்பவளே அவள்தான்.

அன்றிலிருந்து தினமும் காலை வேலைக்குப் போகும் வழியில், முகக்கவசம் மாட்டிக்கொண்டு தங்கை வீட்டில் போய் நின்றாள். மாத்திரையை விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, முட்டையை உரித்துக் கொடுத்தாள். வாந்தியும் எரிச்சலுமாகக் கிடந்த தங்கை அவளைத் திட்டித் தீர்த்தாள். முட்டை வேகவில்லை என்று திட்டு, கதவைச் சாத்தவில்லை என்று திட்டு. அக்கா எல்லாவற்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பிப் போனது.

நான்காம் மாதம் தங்கைக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு நாள் அவளே இன்னொரு முட்டை கேட்டாள். அக்காவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"சளி டெஸ்ட் வேண்டாம்னு தடுத்தது நான்தான்டி. அன்னிக்கே எடுத்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காது. என்னை மன்னிச்சுடு."

தங்கை மென்றுகொண்டே சொன்னாள்: "தெரியும்க்கா. ரத்தம் வந்த அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"ஒரு வார்த்தை கேக்கலியே! எது எதுக்கோ அத்தனை திட்டு திட்டினியே!"

"அத மட்டும் கேட்டா நீ கூனிக்குறுகிடுவே. வேற நர்ஸ அனுப்பிட்டு ஒளிஞ்சுக்குவே. எனக்கு நீ வரணும்."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்று வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போனாள்.